குடை நின்ற இடம்

அந்தப் பங்குனியில் குடைக்காம்பு பவதாரணியின் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

காம்பு என்றால் பெரிய பொருள் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நீளத்தில் வெண்கல நிறத்தில் ஒரு குழல். கறுப்புக் கயிற்றில் கோர்த்து மாலையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டவர் எங்கே நடக்கிறாரோ அங்கே வானத்தில் குடையும் நடக்கும். குடை என்பது மேகம். கண்ணுக்கு எட்டாத உயரத்தில் சின்னச் சின்னப் பட்டங்கள் கூட்டமாகப் பறந்து, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் பிடித்துச் சேர்த்து, ஓர் ஊரை மூடுகிற அகலத்துக்கு மேகம் விரித்து வைக்கும். கீழே நடக்கிறவர்களுக்கு நிழல்.

கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்து, தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிற தீர்த்தக் காவடிக் கூட்டத்துக்கு அந்த நிழல் இல்லாமல் இப்போதெல்லாம் ஆகாது. பங்குனி வெயில் பழைய வெயிலாக இல்லை. முன்பு உச்சிப்பொழுதில் மட்டும் கொப்புளம் போட்ட தார்ரோடு, இப்போது காலைப் பலகாரத்துக்கு முன்னாலேயே கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. வெறுங்காலோடு நடந்தவர்கள் வழியில் சுருண்டு விழுந்து, சிலர் எழுந்திருக்காமலே போனார்கள். அதற்குப் பிறகுதான் குடைகள் வந்தன. குடை இல்லாத குழு நடக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் குடை இல்லாமல் நடக்கிற குழுவும் இல்லை.

பவதாரணி காம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டது சாந்தாமணிக்காக. சாந்தாமணி அவள் புருசனின் அக்கா, அவளுக்கு நங்கையா. போன ஐப்பசியில் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்து எழுந்தவள். எழுந்ததும் சொன்ன முதல் பேச்சே, "பங்குனிக்கு நான் தீர்த்தம் எடுக்கறேன்" என்பதுதான். மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெயிலில் ஒரு மணி நேரம் கூட நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

"வெயில்ல யாரு நிக்கறா? நான் நடக்கத்தான போறேன்" என்றாள் சாந்தாமணி.

அதனால் பவதாரணி ஈரோட்டில் நடந்த குடைக்காரர் வகுப்புக்குப் போனாள். சொல்லிக்கொடுத்தவர் பாடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"நடந்தா நெழல், நின்னா மழை. இவ்வளவுதாங்க. குடை ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னுதுன்னா மேகம் கனத்துப் போயிக் கொட்டிரும். பூக்காவடி நனைஞ்சா உங்களைத்தான் வையுவாங்க. கழுத்துல காம்பு அதிர ஆரம்பிச்சா எந்திரிச்சு நடங்க."

பின்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார். "ஏனுங்க, அத்தனை ஈரம் எங்கிருந்து வருது?"

"சுத்துவட்டாரத்துல இருந்துதாங்க. ரோட்டுக்கு இக்கட்டயும் அக்கட்டயும் இருக்கற காத்துல இருந்து."

"அப்ப அங்க காடு வெச்சு வெள்ளாமை பண்றவங்களுக்கு?"

"காத்துக்கு யாருங்க பட்டா வெச்சிருக்கறா?"

எல்லாரும் சிரித்தார்கள். பவதாரணியும் சிரித்தாள். கிழவரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

நடக்க ஆரம்பித்த முதல் நாள் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காவிரிக்கரையின் காலைப் பனி விலகி வெயில் ஏறியபோது, மஞ்சளும் பச்சையும் உடுத்தின கூட்டம் மொத்தமும் அவளை ஒட்டி ஒட்டி நடந்தது. "குடைக்காரம்மா, கொஞ்சம் எட்டிப் போடுங்க, முன்னால வெயில் அடிக்குது" என்று ஒருத்தர். "அம்மிணி, மெதுவாப் போ, என்ற முதுகு சுடுது" என்று பின்னாலிருந்து இன்னொருத்தர். பிறந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் அவள். இப்போது ஒரு கூட்டமே அவள் காலடி பார்த்து நடந்தது. வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த ரோட்டில் நிழல் அவளோடு நகர்ந்து வந்தது. நிழலுக்கு வெளியே, ரோட்டின் இரண்டு பக்கமும் கானல் ஆடியது. அவள் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வேலாவலசுப் பந்தல் கண்ணில் பட்டது.

குழுவுக்குத் தலைவர் லோகநாதன் மாமா. அரிசி மண்டி வைத்திருந்தவர், குரல் மண்டிக்குரல். "பாத்துக்கங்கப்பா" என்று கையை உயர்த்தினார். "இது வேலாவலசு. இங்க உக்காந்தா, பொண்ணு பாத்து, பூ வெச்சு, கலியாணம் முடிச்சுத்தான் அனுப்புவாங்க. ஒரு டம்ளர் மோரு, அரோகரா, கெளம்பிரணும்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. அப்பறம் நீங்கதான் மூணாவது வடைக்கு உக்காந்தீங்க" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

இந்த வழியில் ஒவ்வொரு ஊர்ப் பந்தலுக்கும் ஒரு குழு முறை. அந்தக் குழுவுக்கு அந்த ஊர்தான் மோர் ஊற்றும். மற்றவர்கள் நிற்காமல் போவார்கள். வேலாவலசு கொடுமுடிக் குழுவுக்கு முறை. பவதாரணியின் மாமனார் காலத்திலிருந்தே அப்படி. ஊரே ரோட்டுக்கு வந்து நின்றது. "வாங்க சாமி, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். தீர்த்தக் குடம் தரையில் படக்கூடாது என்பதால் மரச்சட்டத்தில் கொக்கி அடித்து வைத்திருந்தார்கள். குடங்களை மாட்டிவிட்டு எல்லாரும் பாயில் சரிந்தார்கள். மோர் வந்தது. பின்னால் பானகம். பின்னால் வெள்ளரிப்பிஞ்சு. காலுக்குத் தேய்க்க விளக்கெண்ணெய். ஒருவர் போதும் என்று டம்ளரைக் கவிழ்த்தால், அதை நிமிர்த்தி மறுபடி ஊற்றினார்கள்.

பவதாரணிக்கு ஊற்றியவள் அவள் வயதுக்காரி. பெயர் திவ்யபாரதி என்று பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. காம்பைப் பார்த்ததும் அவள் இவளை விட்டு நகரவே இல்லை.

"இன்னொரு டம்ளர் குடிங்க அக்கா. தாகம் அடங்க வேண்டாமா?"

"வகுறு ரொம்பிருச்சுங்க."

"அப்ப கொஞ்சம் படுங்க. நான் விசிறி விடறேன். என்ன அவசரம்? முருகன் எங்க போயிருவாரு?"

முன்பெல்லாம் இந்தப் பந்தலில் நடந்து வந்தவர்களின் பாதத்தில் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். இந்த வருடம் ஒரு துணியை நனைத்துத் துடைத்தார்கள். ஒரே துணி, பல பாதங்கள். பவதாரணியின் முறை வந்தபோது துணியில் ஈரம் இல்லை. துடைத்த பெண் அவள் முகத்தைப் பார்க்காமல் துடைத்துவிட்டுப் போனாள்.

மோரிலும் ஏதோ இருந்தது. இரண்டாவது டம்ளரில்தான் பிடிபட்டது. அது பாக்கெட் தயிர். காங்கேயம் மாடுகளுக்குப் பேர் போன ஊரில், வீட்டுக்கு வீடு கட்டுத்தறி உள்ள ஊரில், பாக்கெட் தயிர்.

"பின்னால ஒதுங்க எடம் இருக்குதுங்களா?" என்று பவதாரணி கேட்டாள்.

திவ்யபாரதியின் கை விசிறியோடு நின்றது. "பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க. ரோட்டோட போயிருங்க. ஊருக்குள்ள வேண்டாம், நாயி கெடக்கும்."

அவள் ரோட்டோடுதான் போனாள். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பக்கத்துச் சந்தில் திரும்பினாள். நாய் ஒன்றும் இல்லை.

முதல் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்திருந்தது. நாலு மூலையிலும் கல்லை வைத்து, நடுவில் குழி விழும்படி கட்டி, குழிக்குக் கீழே ஓர் அண்டா. அடுத்த வீட்டில் கூரை ஓரம் நெடுக டிரம்கள். அதற்கடுத்த வீட்டில் சோறாக்குகிற குண்டா, சருவம், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, உடைந்த குளிர்பெட்டியின் உள்ளறை கூட. எல்லாம் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தன. கட்டுத்தறிகளில் முளைக்குச்சி இருந்தது, கயிறு இருந்தது, மாடு இல்லை.

ஊருக்குப் பின்னால் கொரங்காடு. பங்குனியிலும் சித்திரையிலும் விழுகிற கோடை மழைக்குக் கொழுக்கட்டைப் புல் துளிர்த்து, ஆடி வரைக்கும் மாடு மேயும் காடு. இப்போது அங்கே மண் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெள்வேல மரங்கள் மட்டும் நின்றன. ஊர் ஆண்கள் சிலர் அந்தக் காட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அவர்கள் பார்த்த இடத்தில் அவளுடைய குடை இருந்தது. அடிவயிறு மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

பவதாரணி அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தவள், என்னவோ அம்மணமாக நிற்பதுபோல அதை இறக்கிவிட்டாள்.

"பாத்துட்டீங்களா?"

பின்னால் திவ்யபாரதி. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"நான்... பள்ளிக்கூடம் பூட்டியிருந்துதுங்க."

"பாக்கக் கூடாதுன்னுதான் பந்தலை ரோட்டுல போட்டோம்." அவள் ஒரு டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "குடைங்க போக ஆரம்பிச்சு இது எத்தனையாவது பங்குனியோ. மேற்க இடி இடிக்கும். மேகம் கெளம்பும். ரோட்டைத் தாண்டறதுக்குள்ள காத்துல ஈரம் இல்லாமப் போயிரும். ஒரு உழவு மழை பேஞ்சு நாளாச்சுங்க அக்கா. மாட்டையெல்லாம் வித்தாச்சு. ஒரு பசு இருக்குது, அதுவும் யாரும் கேக்காததால."

"அப்பறம் எதுக்குங்க எங்களுக்கு இத்தனை... மோரு, பானகம்..."

திவ்யபாரதி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"நின்னாத்தான மழை? நீங்க நின்னாத்தான குடை நிக்கும்? போன வருசத்துக்கு முந்தின வருசம் எலை போட்டுச் சோறு போட்டோம். அப்ப காம்பு வெச்சிருந்தவரு நல்லாச் சாப்பிடுவாரு. பாயசம் வரைக்கும் உக்காந்தாரு. நாலு தூத்தல் விழுந்துது. அன்னிக்கு ஊர்ல ஒருத்தரும் முருகனை நெனைக்கலீங்க அக்கா. அவரு எலையில இருக்கற சோத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம், தீந்துரக் கூடாதேன்னு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சாமிக்கு நடக்கறவங்களுக்குச் சோறு போடறதுல இப்படி ஒரு நெனப்பு. இதைப் போயி வெளியில சொல்லுவமா?"

"நீங்க கேட்டிருக்கலாமுங்களே. கொஞ்ச நேரம் இருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டா அது பிச்சைங்க அக்கா. போட்டா புண்ணியம். எங்க ஊரு எப்பவும் போட்ட ஊரு." பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க. உங்களுக்கு முருகன் மேல ஆணை."

பவதாரணிக்கு ஈரோட்டு வகுப்பு நினைவுக்கு வந்தது. காத்துக்கு யாருங்க பட்டா வெச்சிருக்கறா. அந்தச் சிரிப்பு. அவளுடைய சிரிப்புச் சத்தம் மட்டும் தனியாகக் காதில் கேட்டது. காதுமடல் எரிந்தது. எதிரில் நிற்கிறவளோ, தான் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள்போலத் தலை குனிந்து நின்றாள். யார் யாரிடம் தலை குனிய வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கழுத்தில் காம்பு அதிர ஆரம்பித்தது.

"எந்திரிங்கப்பா, எந்திரிங்க!" ரோட்டிலிருந்து லோகநாதன் மாமாவின் மண்டிக்குரல். "குடை கனத்துருச்சு! குடைக்காரம்மா எங்க?"

பந்தலுக்குத் திரும்பியபோது குழு குடங்களை எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தது. சாந்தாமணி மூலையில் உட்கார்ந்து, நெஞ்சுத் தழும்பின் மேல் சேலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். படுத்து எழுந்ததில் முகம் தெளிந்திருந்தது.

பவதாரணி லோகநாதன் மாமாவிடம் போனாள். "மாமா, கொஞ்சம் இருந்துட்டுப் போலாமே. வெயில் தாழட்டும்."

"வெயிலா? குடைக்குக் கீழ நின்னுக்கிட்டு வெயில் தாழட்டும்ங்கறயே அம்மிணி!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லீங்க மாமா, நங்கையாளுக்கு..."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள் சாந்தாமணி.

"அப்பறம் என்ன? மழையை வாங்கிக் கட்டிக்கறதுக்கா குடை எடுத்தோம்? பூக்காவடி நாலு இருக்குது, நனைஞ்சா நாசம். தாராபுரம் மண்டபத்துல எடம் வேற போயிரும். நட நட."

ஏன் நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஜனங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பாதிப்பேர் குடத்தை மறுபடி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் வேலாவலசின் மானம் போய்விடும். அண்டா நீட்டிய ஊர், சோற்றைப் போட்டு மழை பறிக்கப் பார்த்த ஊர் என்று அடுத்த பங்குனிக்குள் கொடுமுடி முழுக்கப் பேச்சாகிவிடும். மோர் வாளியைப் பிடித்தபடி திவ்யபாரதி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வை இரு என்று கெஞ்சவில்லை. சொல்லிவிடாதே என்றுதான் கெஞ்சியது.

பவதாரணி பந்தக்காலுக்குப் பக்கத்தில் போய், துண்டை எடுப்பதுபோல நின்றாள். ஊர்க்காரர்கள் தோரணம் கட்ட அடித்த ஆணி ஒன்று இருந்தது. கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி அதில் மாட்டினாள். மேலே யாரோ மறந்த பச்சைத் துண்டைப் போட்டு மூடினாள். கை அவசரப்பட்டது. நல்ல காரியம் செய்கிறவளின் கை மாதிரி இல்லை அது, களவு செய்கிறவளின் கை மாதிரி இருந்தது. குடத்தை ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

ஊர் வழக்கம்போல எல்லை வரைக்கும் கூட வந்து வழியனுப்பியது. மரியாதைக்கு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், அவர்கள் கண் எல்லாம் தரையில் இருந்தது. நகர்ந்து போகிற நிழலின் ஓரத்தோடு நடந்து பழகிய கண்கள். இந்த முறை நிழல் நகரவில்லை. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். காலடியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். 

குடை பெரியது. அதன் ஓரத்தைத் தொடக் கொஞ்ச தூரம் ஆனது. ரோட்டின் குறுக்கே கோடு கிழித்ததுபோல வெயில் ஆரம்பித்தது. முன்னால் போனவர்கள் அதை மிதித்ததும், "ஐயோ முருகா" என்று குதித்தார்கள்.

"குடை எங்கப்பா? ஏய், குடை ஏன் கூட வரலை?"

லோகநாதன் மாமா பக்கத்தில் வந்த அவள் கழுத்தைப் பார்த்தார். "காம்பு எங்க அம்மிணி?"

"தெரியலீங்க மாமா." வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "எங்கயோ விழுந்துருச்சாட்ட இருக்குது."

"விழுந்துருச்சா! கழுத்துல கெடக்கறது எப்படி விழும்? புள்ளயப் பெத்துக் கையில குடுத்தா நழுவ விட்டுட்டேங்கற மாதிரியல்ல இருக்குது! வாங்கடா, யாராச்சும் ஓடுங்க, ஓடிப் போயிப் பந்தல்ல பாருங்க."

"யாரு ஓடறது?" என்றாள் சாந்தாமணி. "தீர்த்தம் ஏத்துன தோளு திரும்பி நடக்கலாமா?"

ஓடக் கிளம்பியவர்கள் நின்றார்கள். அதுதான் அவர்களுடைய கட்டு. காவிரியில் நிரப்பிய குடம் தோளில் இருக்கும்போது வந்த வழியில் ஓர் அடி வைக்கக்கூடாது, பந்தலிலும் மண்டபத்திலும் தவிர வேறெங்கும் அதை இறக்கவோ கைமாற்றவோ கூடாது. திரும்பிப் பார்ப்பதே தோஷம். அந்தக் குழுவில் குடம் இல்லாத தோள் ஒன்றும் இல்லை. சாமான் வண்டி காலையிலேயே தாராபுரத்துக்குப் போய்விட்டது, விரதத்துக்காகக் கழற்றி வைத்த எல்லாருடைய போன்களும் அந்த வண்டியில்.

லோகநாதன் மாமா தொண்டைக்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். பிறகு, "அரோகரா" என்றார், அது வசவு மாதிரி ஒலித்தது. கூட்டம் வெயிலுக்குள் இறங்கியது.

பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. தார் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. ஓரத்தில் மண்ணில் இறங்கினால் நெருஞ்சி. எதிரில் சுழிக்காற்று கிளம்பி, சருகையும் மண்ணையும் அள்ளி முகத்தில் போட்டது. பாட்டு நின்றுபோயிற்று. காவடிப் பூக்கள் ஒரு நாழிகையில் வாடித் தொங்கின. "சாகடிச்சுட்டா" என்று யாரோ முன்னால் சொன்னார்கள். யாரைச் சொன்னார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பவதாரணி தன் துண்டை நனைத்துச் சாந்தாமணியின் தலையில் போட்டாள். குடிதண்ணீர் பாட்டில் அதோடு தீர்ந்தது. தோளில் குடம் நிறையக் காவிரி. அதைத் தொடமுடியாது.

சாந்தாமணி ஒவ்வோர் அடிக்கும் வாயால் மூச்சு விட்டாள். உதடு வெளுத்திருந்தது. பவதாரணி அவளை ஒட்டி நடந்தாள். இவளுக்காகத்தானே காம்பைக் கழுத்தில் போட்டேன். யாருக்காகக் கழற்றினேன். இவள் இப்போது விழுந்தால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன்.

"நங்கையா, அந்தப் புளியமரத்தடியில உக்காருங்க. நான் உங்ககூட இருக்கறேன்."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். நட." கொஞ்ச தூரம் போனதும் சாந்தாமணி தணிந்த குரலில் சொன்னாள். "காம்பு விழுகலை."

பவதாரணி குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பந்தக்கால்ல நீ மாட்டுனதைப் பாத்தேன். துண்டு போட்டு மூடுனதையும் பாத்தேன்."

"நங்கையா... அது வந்து..."

"எனக்குக் கதை சொல்ல வேண்டாம். அந்த டிரம்மு, அண்டா எல்லாம் எனக்குத் தெரியும். போன வருசம் நானும் பின்னால ஒதுங்கப் போனவதான்."

"தெரியுமா? சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா அப்பறம் எப்படி நெழல்ல நடக்கறது?" சாந்தாமணி மூச்சுக்கு நின்று, மறுபடி நடந்தாள். "பாத்துட்டு வந்து, பேசாம இன்னொரு டம்ளர் மோரு வாங்கிக் குடிச்சேன். ருசியாத்தான் இருந்துது. இன்னிக்கு நீ மாட்டுனப்ப, நான் வாயத் தொறக்காம இருந்தது பெரிய மனசுல இல்ல பவா. கத்தியிருப்பேன். வெக்கம் தொண்டையப் புடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான்."

அப்போது பின்னால் இடி இடித்தது. ஒற்றை இடி. கூட்டம் முழுவதும் ஒரு நொடி நின்றது. யாரும் திரும்பவில்லை, திரும்பக்கூடாது. காற்று முதுகுப்பக்கமிருந்து வந்தது, நனைந்த மண்ணின் வாசம் அதில் இருந்தது. வேலாவலசு அண்டாக்களில் தண்ணீர் விழுகிற சத்தம் இத்தனை தூரம் கேட்காது என்று தெரிந்தும் பவதாரணி காதைத் தீட்டிக்கொண்டாள். சாந்தாமணியின் கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. வியர்வையில் வழுக்கிய அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரத்துக்கு வெயில் அவ்வளவாகத் தெரியவில்லை. நான் செய்தது சரிதான் என்று ஒரு நினைப்பு, கூச்சத்தோடு, உள்ளே எட்டிப் பார்த்தது.

அந்த நினைப்பு ஊஞ்சக்காடு வரைக்கும்தான் இருந்தது.

ஊஞ்சக்காடும் கொடுமுடிக் குழுவுக்கு முறைதான். வேலாவலசுக்கு அடுத்த பந்தல். வேலாவலசு அளவுக்கு விமரிசை கிடையாது, சின்ன ஊர். ஒரு புங்கமரத்தை ஒட்டிக் கீற்றுப் பந்தல். கூட்டம் வருவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் நடந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பார்த்தார்கள்.

மேலே ஒன்றும் இல்லை. வெண்கலமாகக் காய்ந்த வானம்.

முன்னால் வாளியோடு வந்த பெண் பாதி வழியில் நின்றாள். நடுத்தர வயது, நெற்றியில் திருநீறு, வாளியின் மேல் ஈரத்துணி மூடியிருந்தது. அவள் பின்னால் திரும்பி, நின்றிருந்தவர்களிடம் தலையை லேசாக ஆட்டினாள். ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார். பந்தலின் கீற்று இடைவெளியில் பவதாரணி பார்த்தாள். பின்வாசல்களில் டிரம்கள். தார்ப்பாய், நாலு மூலையிலும் கல்.

 இந்த மேகம் இங்கேயும் வந்திருக்க வேண்டியது. இவர்களும் மோர் கரைத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து கிழக்கே பார்த்திருக்கிறார்கள். வேலாவலசுக்குக் கொடுத்தேன் என்று கொஞ்சம் முன்னால் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாளே, அது யாருடைய மழை? இனி வருகிற ஊர்களின் பந்தல்கள் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து நின்றன. முன்பு எதை யாரிடமிருந்து எடுத்தாள் என்பது தெரியாமல் எடுத்தாள். இன்றைக்குத் தெரிந்தே எடுத்திருக்கிறாள்.

"குடை இல்லீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தொலைச்சுட்டமுங்க" என்றார் லோகநாதன் மாமா. பவதாரணியைப் பார்க்காமல் சொன்னார்.

"ஓ" என்றாள் அந்தப் பெண். வாளியின் துணியை விலக்கி எல்லாருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். இன்னொன்று என்று யாரும் வற்புறுத்தவில்லை. விசிறி எடுக்கவில்லை. பாய் விரிக்கவில்லை. குடித்தார்கள், டம்ளரைக் கொடுத்தார்கள். போய்விடுவார்கள் என்றுதான் பவதாரணி நினைத்தாள். போய்விட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டாள்.

அப்போது அந்தப் பெண் சாந்தாமணியின் காலைப் பார்த்துவிட்டாள். உள்ளங்கால் தோல் தாரோடு உரிந்து, சதை சிவந்து தெரிந்தது. பக்கத்தில் பவதாரணியின் பாதம், அதே கோலத்தில்.

"அடக் கெரகமே. இந்தக் காலோடயா வந்தீங்க?"

அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. சாய்த்துப் பிடித்து அடித்தண்ணீரை வழிக்கிற சத்தம். ஒரு சொம்போடு திரும்பி வந்தாள். சொம்பு நிறையவில்லை. சாந்தாமணியின் பாதத்தில் பாதியை ஊற்றிக் கையால் நீவி விட்டாள். பிறகு பவதாரணி முன்னால் குனிந்தாள்.

"எனக்கு வேண்டாமுங்க." பவதாரணி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேண்டாமுங்க, அக்கா. எனக்கு ஊத்தாதீங்க."

"ஏன், நடந்தவங்கதான நீங்களும்?"

"இல்லீங்க... நான்..."

  பக்கத்தில் சாந்தாமணி குனிந்து தன் ஈரப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, நீட்டுங்க சாமி காலை" என்றாள் அந்தப் பெண். "இருக்கறதத்தான ஊத்தறேன்."

பவதாரணி காலை நீட்டினாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. பாதத்திலிருந்து வழிந்து, மண்ணைத் தொட்டதும் ஒரு பொட்டு ஈரமாகி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று.